ஆமை விளக்கு

"ஓரங்கட்டு, ஓரங்கட்டு" என்று ஆல்வின் சொல்லி முடிப்பதற்குள் ஹெலன் காரை ஓரங்கட்டி, இறங்கி, பானட்டைத் தூக்கிவிட்டாள். சூடு முகத்தில் அறைந்தது. டாஷ்போர்டில் மஞ்சளாக ஒரு ஆமை எரிந்துகொண்டிருந்தது. இந்த எலெக்ட்ரிக் கார் சூடேறினால் அப்படித்தான்; வேகத்தைப் பிடுங்கிக்கொண்டு ஆமையைக் கொடுக்கும். பள்ளிகொண்டாவுக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர். மணி பத்து இருபது. பதினொன்றரைக்கு வேலூரில் ஆல்வினுக்கு மூச்சுப் பரிசோதனை. விட்டால் அடுத்த தேதி மூன்று மாதம் கழித்துத்தான். அதுவரை இந்த நெஞ்சு தாங்குமா என்று கேட்டதற்கு டாக்டர் பேனாவை மூடியிருந்தார்.

"வண்டிக்கும் உங்களுக்கும் ஒரே வியாதி. ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்குது."

"அந்த ஆரஞ்சு ஒயரத் தொடாத ஹெலன்."

"தெரியும். நான் இன்னா சாவறதுக்கா எறங்கனேன்?"

ஆம்பூரில் பாலாற்றங்கரைத் தோல் ஷெட்டில் ஆல்வின் பத்தொன்பது வருடம் பஃபிங் மெஷின் ஓட்டியவன். தோலைத் தேய்த்துத் தேய்த்து மெத்தென்று ஆக்கும் மெஷின். தேய்ந்த தூளில் பாதி வெளியே போயிற்று. மீதி அவன் நெஞ்சுக்குள் குடியேறியது. இரண்டு வருடத்துக்கு முன் மனைவி ஹெலன்தான் அவனை அங்கிருந்து கிளப்பி, இந்தப் பழைய காரை வாங்கி, காட்பாடி ஸ்டேஷனுக்குச் சவாரி ஓட்ட வைத்தாள். இனி அந்த ஷெட் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான்.

ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. ஃபியூஸ் பெட்டியைத் திறந்தாள். ஃபியூஸ் நன்றாகத்தான் இருந்தது. அப்படியானால் ஃபேனுக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலேதான் போயிருக்கும். ஹாரனுக்கும் ஃபேனுக்கும் ஒரே அளவு ரிலே என்று மூடியின் உள்பக்கப் படம் சொன்னது. இரண்டையும் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினாள். 'க்ளிக்'. ஃபேன் கிர்ரென்று எழுந்தது.

"இனிமே ஹாரன் கெடையாது. எதுனா குறுக்க வந்தா நீங்கதான் கத்தணும்."

"எனக்கு ஏது அவ்ளோ மூச்சு" என்று சிரித்தான். சிரிப்பு இருமலில் முடிந்தது.

ஐந்து நிமிடம் ஆயிற்று. ஆமை அசையவில்லை. லாரிகள் கானலுக்குள் மிதந்து வந்து, காரை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு, மறுபடி கானலுக்குள் கரைந்தன. ஃபேன் சுற்றுகிறது, காற்று போகவில்லை. ஹெலன் செல்போன் டார்ச்சை முன்பக்கக் கிரில்லுக்குள் அடித்தாள். ரேடியேட்டரின் தகடுகள் தெரியவில்லை. கம்பளி போர்த்தினாற்போல் தூசி. விரலால் நெம்பியதும் பாளமாக உரிந்து வந்தது.

"ரோட்டுப் புழுதி" என்றான் ஆல்வின், உள்ளே இருந்தபடியே.

ஷூ கம்பெனியில் ஷேட் அட்டையோடு தோலை வைத்து நிறம் பார்ப்பது அவள் வேலை. கை தானாகவே பாளத்தை வெயிலுக்குத் திருப்பியது. செங்கல்லும் இல்லை, மிளகாய்த்தூளும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சிவப்பு.

"இது ரஸ்ட்டு ஷேடு, தோல் தூளு."

"பழைய தூசியா இருக்கும். என் சட்டையில இருந்து எப்பவோ..."

"இந்த ஷேடு என் டேபிளுக்கு வந்தே மூணு வாரம்தான் ஆவுது. இத ஒரே ஷெட்லதான் ஓட்றாங்க. எந்த ஷெட்டுன்னு நானே சொல்லட்டா?"

அவள் டிக்கியில் கிடந்த பழைய டூத்பிரஷ்ஷால் வருடி வருடி, குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றினாள். சிவப்பாக ஒழுகி மண்ணில் இறங்கியது. தலையில் அடித்த சத்தியம். அவள் தலைதான் விண்விண்ணென்று வலித்தது. உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். இப்போது தடையில்லாமல் காற்றை இழுத்து, ஃபேன் ஒரே சுருதியில் ரீங்கரித்தது. அந்தச் சத்தத்தில் ஆல்வினின் தலை மெதுவாகச் சீட்டில் சாய்ந்தது. பல மாதங்களாக வீட்டில் அவள் பார்க்காத முகம்.

"மெஷினத் தொடல ஹெலன். உன் மேல சத்தியமா." கண் மூடியிருந்தது, குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. "இந்த வண்டி சத்தமே போட மாட்டேங்குது. வீடும் போடல. படுத்தா என் மூச்சு மட்டும் கேக்குது, நின்னுடுமோன்னு எண்ணிக்கினே கெடக்கறேன். அதான் மதியத்துல... ஷெட்டு சுவத்தாண்ட வண்டியப் போட்டு, ஏசியப் போட்டுக்கினு... உள்ள மெஷினு ஓடும். அந்தச் சத்தத்துல ஒரு மணி நேரம் தூங்குவேன். அவ்ளோதான்."

அடுத்த நொடி தூங்கிப்போனான்.

மணி பத்து ஐம்பது. ஹெலன் ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆமை ஒருமுறை மினுங்கி அணைந்தது. வண்டி ஆறிவிட்டது. ஃபேனின் ரீங்காரம் இறங்கி, இன்னும் இறங்கி, நின்றது.

ஆல்வின் கண்ணைத் திறந்தான்.