செல்ஃப் அடிக்கிறது, என்ஜின் பிடிக்கவில்லை

அக்கா, நேற்று போனில் நீ சிரித்துக்கொண்டே, "உங்க அத்தான் ஆபீஸ்ல உக்காந்தபடியே போன்ல சொல்லிச் சொல்லி உன் லாரிய ஸ்டார்ட் பண்ண வச்சிட்டாராமேடா" என்றாய். நான் "ம்" என்று மட்டும் சொன்னேன். பக்கத்துக் கட்டிலில் அவர் படுத்திருந்தார். வேறு என்ன சொல்ல முடியும்? நடந்ததை இப்போது வண்டியில் தனியாக உட்கார்ந்து வாய்ஸ் மெசேஜில் சொல்கிறேன். கேட்டுவிட்டு உன் மாமியார் காதில் மட்டும் போட்டுவிடாதே.

செவ்வாய்க்கிழமை காலை பெரிய ஒர்க் ஷாப்பில் எனக்குத் தேர்வு இருந்தது உனக்குத் தெரியும். நான் படித்தது டீசல் மெக்கானிக். இங்கே வந்து பார்ப்பது சிமென்ட் லாரி ஓட்டும் வேலை. ஒர்க் ஷாப்பில் எடுத்துக்கொண்டால் விசா மாறும், அறை மாறும், காலையில் எழுந்ததும் அத்தானிடம் சாவி வாங்கி, மாலையில் அத்தானிடமே சாவி கொடுக்கிற பிழைப்பும் மாறும். அவரிடம் நான் சொல்லவில்லை. பாஸான பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அன்றைக்கு எனக்கு விழுந்த லோடு, ஒர்க் ஷாப்புக்கு இரண்டு தெரு தள்ளிப் புதிதாகக் கட்டுகிற ஆஸ்பத்திரிக்கு. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன்.

மூட்டைகளை இறக்கி முடித்ததும் கேபினிலேயே முகம் கழுவிக்கொண்டு, நீ வாங்கி அனுப்பிய வெள்ளைச் சட்டையைப் போட்டேன். வண்டியை எடுத்து, வாசல் கேட்டில் கையெழுத்துப் போட நிறுத்தினேன். போட்டுவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாக அடிக்கிறது, என்ஜின் பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினேன். சொன்னதையே சொல்லும் குடிகாரன் மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது.

கேட்டில் இருந்த காவலாளி எழுந்து வந்தார்.

"என்ன தம்பி, கேட்டுக்குப் பதிலா லாரியவே வச்சு அடைச்சிட்டியா? நல்லதுதான், எனக்கு ஒரு வேலை மிச்சம்."

"ஸ்டார்ட் ஆகலண்ணே."

"உள்ள இருக்கிற ஆளுக்கு வெளிய போகணும், வெளிய இருக்கிற ஆளுக்கு உள்ள வரணும். நடுவுல நீ மட்டும் சட்டை மாத்திட்டு மாப்பிள்ளை கணக்கா நிக்கிற."

வெளியே கான்க்ரீட் கலவை லாரி ஒன்று வந்து நின்று ஹாரன் அடித்தது. கலவை இறுகிப்போகும் என்ற பயம் அதன் டிரைவருக்கு. நடந்தே போய்விடலாம், ஒர்க் ஷாப் அவ்வளவு பக்கம். ஆனால் வண்டியை விட்டு டிரைவர் போனால் வேலை போய்விடும் என்பது எங்கள் கம்பெனியில் முதல் சட்டம். வண்டி நின்றால் முதலில் ஆபீசுக்குப் போன் பண்ண வேண்டும் என்பது இரண்டாவது. ஆபீஸ் என்றால் அத்தான்தான்.

"புகை வருதா மாப்ள?" என்று கேட்டார்.

"சைலன்சர்ல ஒரு பொட்டுப் புகை இல்ல அத்தான்."

"அப்ப டீசல் போகல. ஏர் பிடிச்சிருக்கும். ஃபில்டர் மேல இருக்கிற ஸ்குரூவ லூஸ் பண்ணிட்டு கைப்பம்ப அடி."

அடித்தேன். ஸ்குரூ வழியாக டீசல் சுத்தமாக வந்தது. காற்று இருந்தால் நுரைத்துக்கொண்டு வரும். இது எண்ணெய்க் கரண்டியிலிருந்து ஊற்றுகிற மாதிரி வழவழவென்று வழிந்தது.

"ஒரு குமிழி கூட இல்ல அத்தான்."

"இன்னும் அடி. ஏர் உள்ள போய் ஒளிஞ்சிருக்கும்."

கை வலிக்கும்வரை அடித்தேன். பிறகு டேங்க் மூடியைத் திறக்கச் சொன்னார், திறந்தேன். ஃபில்டரை மாற்றச் சொன்னார், மாற்றினேன். சட்டையில் டீசல் தெறித்து வயிற்றருகே பெரிய கறை. ஒவ்வொரு தடவையும் அவர் நிதானமாக, அவசரமே இல்லாமல் சொன்னார். "பதறாத மாப்ள. பதறினா காரியம் கெடும்." எனக்கு அழுகை வரும்போல இருந்தது. இப்படி ஒரு மனுஷன் துணைக்கு இருக்கிறாரே, இவரிடம் தேர்வைப் பற்றி மறைத்துவிட்டோமே என்று கூட நினைத்தேன்.

அப்புறம்தான் படித்த படிப்பு ஞாபகத்துக்கு வந்தது. என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டருக்குப் போகும் பைப்புகளின் நட்டுகளைத் தளர்த்திவிட்டு, காவலாளியைச் சாவி திருப்பச் சொன்னேன்.

"நான் திருப்பினா ஓடிடப்போகுது தம்பி, அப்புறம் என்னை டிரைவராக்கிடுவாங்க" என்றபடி ஏறித் திருப்பினார்.

நட்டுகள் காய்ந்து கிடந்தன. அதாவது பம்பு வரைக்கும் டீசல் வருகிறது, பம்பைத் தாண்டிப் போகவில்லை. பம்பின் பக்கத்தில் ஒரு மின்சார அடைப்பான் உண்டு. சாவி போட்டதும் அதற்குக் கரண்ட் வந்து, டக்கென்று சத்தத்தோடு டீசலுக்கு வழி விடும். அந்த டக் வரவில்லை. டெஸ்ட் லாம்பை வைத்துப் பார்த்தேன், எரியவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், ஸ்டியரிங்குக்குக் கீழே கம்பெனிக்காரர்கள் எல்லா வண்டியிலும் வைத்திருக்கிற கறுப்புப் பெட்டியில் போய் நின்றது. வண்டி எங்கே இருக்கிறது என்று ஆபீசுக்குக் காட்டுகிற பெட்டி. போன வருஷம் ஒருத்தன் வண்டியோடு ஓடப்பார்த்தபோது, அது வழியாகத்தான் வண்டியை நடுரோட்டில் நிறுத்தினார்கள்.

அத்தானுக்குப் போன் போட்டேன். "பெட்டியிலேர்ந்து கரண்ட் வரல அத்தான். பெட்டிதான் கோளாறு போல. பேட்டரியிலேர்ந்து நேரா ஒரு ஒயர் இழுத்துக் குடுத்தா ஸ்டார்ட் ஆயிடும்."

அதுவரை நிதானமாகப் பேசியவர் அவசரமாகச் சொன்னார்.

"அதுல கை வைக்காத. சீல் உடைஞ்சா முதலாளிக்கு உடனே மெசேஜ் போகும். திருட்டுக் கேசாயிடும். விசாவுக்கே ஆபத்து. பேசாம ஏர் எடு."

ஒயர் கையில் இருந்தது. ஒரு முழம் ஒயர், அவ்வளவுதான். கடிகாரத்தைப் பார்த்தேன். தேர்வு தொடங்கியிருக்கும். ஒயரைக் கீழே வைத்துவிட்டு கேபின் படியில் உட்கார்ந்தேன். காவலாளி தண்ணீர் பாட்டில் கொடுத்தார். வாங்கிக் குடிக்கத் தோன்றவில்லை.

வெகுநேரம் கழித்து அத்தானே கூப்பிட்டார். "இப்ப சாவியப் போட்டுப் பாரு."

நான் எதையும் தொடவில்லை. நட்டுகளைக்கூட முறுக்கவில்லை. போய்ச் சாவியைப் போட்டேன். டக். திருப்பினேன், நட்டுகளிலிருந்து டீசல் பீச்சியடித்தது.

போனில் அவர் குரல் கேட்டது. "பாத்தியா? ஏர்தான். நான் அப்பவே சொன்னேன்ல?"

பிள்ளையையும் கிள்ளி, தொட்டிலையும் ஆட்டுவது என்று அம்மா சொல்வாளே, அது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

நட்டுகளை முறுக்கி, வண்டியைக் கிளப்பி, ஒர்க் ஷாப்புக்குப் போனேன். வெள்ளைச் சட்டையில் டீசல் கறையோடு ஃபோர்மேன் முன்னால் நின்றேன். தேர்வு முடிந்து ஆட்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் லேட்டு?"

"வண்டி ஸ்டார்ட் ஆகல சார்."

சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது. "வண்டி ஸ்டார்ட் ஆகாததாலதான் நாங்க மெக்கானிக்கையே தேடறோம்" என்றான் ஒருவன்.

ஃபோர்மேன் சிரிக்கவில்லை. "கோளாறு என்ன?" என்றார். சொன்னேன். பம்பு வரைக்கும் டீசல், நட்டு காய்ந்திருந்தது, அடைப்பானுக்குக் கரண்ட் இல்லை என்று வரிசையாகச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"சரியாத்தான் பிடிச்சிருக்க. அப்ப நேரா கரண்ட் குடுத்து எடுத்திருக்கலாமே?"

"பெட்டியில சீல் இருந்துச்சு சார். பயமா இருந்துச்சு."

"பயந்தவன வச்சு நான் என்ன பண்றது? நடுரோட்டுல வண்டி நின்னா முதலாளிகிட்ட அனுமதி கேட்டுட்டு நிப்பியா? போப்பா."

உன் வீட்டுக்காரரும் என் பயமும் சேர்ந்துதான் என்னைத் தோற்கடித்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

சாயங்காலம் அறைக்கு வந்தபோது அத்தான் இடுப்பு வலிக்குக் கட்டுகிற பெல்ட்டோடு குப்புறப் படுத்திருந்தார். அறையில் வேறு யாரும் இல்லை.

"வா மாப்ள. அப்புறம் வண்டி எங்கயும் நிக்கலையே?"

"நீங்க நிறுத்தல, அது நிக்கல."

"என்ன பேச்சு இது?"

"நீங்க போன் பண்ணினப்ப நான் படியில சும்மா உக்காந்திருந்தேன் அத்தான். ஏர் எடுக்கல, ஒண்ணும் பண்ணல. நீங்க சொன்னதும் டீசல் வந்துடுச்சு."

சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். மறுப்பார் என்று நினைத்தேன்.

"ஆமா, நான்தான் ஆஃப் பண்ணேன். இப்ப என்னங்கற? நீ போயிட்டா அந்த சீட்டுல யாரு உக்காருவா? முதலாளி புது ஆள் தேடுவாரா? 'உன் மச்சான் போயிட்டான், நீ ஏறு'ம்பார். வருஷக்கணக்கா அதுல குலுங்கித்தான் இந்த எலும்பு இப்படி ஆச்சு. நீ வந்த பிறகுதான் எனக்கு நாற்காலியே கிடைச்சுது."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீ என்கிட்ட சொன்னியா?"

"உங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டேன்.

"யாரு சொல்லுவா, உங்க அக்காதான். 'அவன இப்ப விட்டுடாதீங்க, நீங்க மறுபடி லாரியில ஏறினா நான் தாங்கமாட்டேன்'னு போன்ல ஒரே அழுகை."

சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் குறட்டை.

நீ அப்படி அழுதாயா என்று நான் கேட்கப்போவதில்லை. என் வாயை அடைக்க அவர் இட்டுக்கட்டியிருக்கலாம். நிஜமாகவே நீ அழுதிருந்தாலும் தப்பில்லை, அவரோடு வாழ வேண்டியவள் நீ. அவர் இடுப்பு வலியும் பொய்யில்லை, ராத்திரி புரண்டு படுக்கும்போது முனகுவது எனக்குக் கேட்கும். ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துச் சாப்பிட என்னால் முடியவில்லை. கிரேன் ஓட்டுகிற ஒருவர் அறையில் கட்டில் காலியாகிறது, ஞாயிற்றுக்கிழமை அங்கே போகிறேன்.

ஒர்க் ஷாப் வாசலில் இருந்த கிளார்க் பாவப்பட்டு என் நம்பரை வாங்கிக்கொண்டார். மறுபடி ஆள் எடுக்கும்போது கூப்பிடுவாராம். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு பஸ்ஸில் போவேன். என்றைக்கு என்று உன்னிடம் சொல்லமாட்டேன் அக்கா. கோபப்படாதே. கிடைத்தால் சொல்கிறேன்.

அத்தான் போனில் கூப்பிடுகிறார், எடுக்க வேண்டும். வண்டி இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நிற்பது அவர் திரையில் தெரிந்திருக்கும்.