சோலையின் வலது கை

தலை முடிந்தது, மீசையும் போனது. நாவிதர் மலையாண்டி கத்தியைத் தண்ணீரில் அலசி வைத்துவிட்டு நகவெட்டியை எடுத்தார். சோலை இடது கையை நீட்டினான். அதில் வெட்ட ஒன்றும் இல்லை. வீணைத் தந்தியை அழுத்தும் கை, எப்போதும் ஒட்ட வெட்டியிருக்கும்.

"வலது கையக் குடுப்பா."

"அது வேணாம்ணே."

பம்புசெட்டைச் சுற்றி நின்ற பங்காளிகள் திரும்பிப் பார்த்தார்கள். அவனுடைய சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் நகம் நீண்டிருப்பது ஊருக்கே தெரியும். பசுமலை இசைக் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அவன் தந்தி மீட்டுவது அவற்றால்தான். "இம்புட்டு நகம் வளத்துட்டு ஒரு வெத்தல கிள்ள வரமாட்டேங்கிறான் பாரு" என்று அப்பா கருத்தக்கண்ணன் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். நேற்று வெற்றிலைக் கொடிக்காலில் ஏணியோடு சரிந்தவர் எழுந்திருக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை ரேடியோ ஸ்டேஷன்ல ஆடிஷன் சித்தப்பா" என்றான் சோலை. "போன தடவ தேறல. இதையும் விட்டா மறுபடி எப்பக் கூப்புடுவாங்கன்னு தெரியாது."

"எங்கண்ணன் அங்க மாலையோட கெடக்கு. இவருக்கு ஆடிஷனாம்" என்றார் வெள்ளைத்துரை.

"வெரல்ல கம்பிய மாட்டி வாசிக்கிறாகளே, டிவியில பாத்தேன்" என்றார் ஒருவர்.

சோலையும் மாட்டிப் பார்த்திருக்கிறான். தகரத்தைச் சுரண்டுவது போலிருந்தது. பழக மாதக் கணக்காகும். அதை இவர்களுக்கு விளக்கப் போவதில்லை.

"நகத்தோட கொள்ளி வச்சா குடும்பத்துக்கு ஆகாது" என்றார் வெள்ளைத்துரை. "வெட்டு. இல்லையா, சட்டிய எம்மகன் காளை தூக்கட்டும். ரெண்டுல ஒண்ணச் சொல்லு, வெயில் ஏறுது."

மலையாண்டி நகவெட்டியோடு காத்திருந்தார். சோலை ரொம்ப நேரம் யோசித்தான் என்று சொல்ல முடியாது.

"காளையே தூக்கட்டும்."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. காளை சட்டையைக் கழற்றிவிட்டு வந்து அதே கல்லில் உட்கார்ந்தான்.

"என்னண்ணே இப்படிப் பண்ணிட்ட?"

"பேசாமக் குனிடா. காது போயிரும்" என்றார் மலையாண்டி.

அப்பாவைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுத்துக்கொண்டு அவர்கள் வீடு திரும்பியபோது, பந்தலில் அம்மா ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு மொட்டைத் தலைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். கோடி வேட்டி காளையின் இடுப்பில் இருந்தது. புகைகிற கொள்ளிச்சட்டியை அவன் கையில் கொடுத்தார்கள். அம்மா பாட்டை நிறுத்தினாள். சோலையின் வலது கையைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவளின் தோளைக் கட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

பாடையைத் தூக்குகிற நேரத்தில் ஓர் ஆள் குறைந்தது.

"மாப்ள, நீ வந்து முன்னால புடி" என்று தாய்மாமன் சோலையைக் கூப்பிட்டார். "பாத்து. மூங்கில்ல சிலாம்பு கெடக்கு, கையில ஏறிரும்."

அவன் தோள் கொடுத்தான். அப்பா நினைத்ததைவிடக் கனத்தார். தெருமுனை வந்ததும் பெண்கள் நின்றுவிட்டார்கள். காளை சட்டியோடு முன்னால் நடந்தான். சோலையின் வலது கைக் கட்டைவிரலும் கடைசி இரண்டு விரல்களும் வெளுக்கிற அளவுக்கு மூங்கிலை இறுக்கியிருந்தன. மற்ற இரண்டும் அதில் படாமல் நீட்டிக்கொண்டிருந்தன.