பலகையில் இல்லாத படம்

பக்கவாதம் வந்த பிறகு என் வீட்டுக்காரரிடம் மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "சரி." பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, கோபம் வந்தாலும் அதே சரிதான். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் எதைச் சொன்னாலும் "அதெப்படி?" என்று மல்லுக்கு நின்ற மனுஷன். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை.

குடிநீர் நிலையத்தில் தண்ணீரைச் சோதிக்கும் அறை அவர் பொறுப்பில் இருந்தது. ஊருக்குப் போகும் தண்ணீர் குடிக்க நல்லதுதான் என்று கையெழுத்துப் போடுவது அவர் வேலை. விழுவதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேட்டால் "ஆபீஸ் தலைவலி" என்பார். மீதியை மென்று விழுங்கிவிடுவார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வருவாள். முதல் நாளே படங்கள் ஒட்டிய பலகை ஒன்றை அவர் மடியில் வைத்தாள். தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை, வலி, தூக்கம். ஆமாம் என்றால் பச்சை வட்டம், வேண்டாம் என்றால் சிவப்பு.

"எல்லாருக்கும் நல்ல தண்ணி, நல்ல வைத்தியம்னு உலகம் முழுக்கத் திட்டம் போடறாங்கம்மா. பேச முடியாதவங்ககிட்ட மட்டும் யாரும் எதுவும் கேக்கறதில்ல. கேக்கறதுதான் என் வேலை" என்றாள்.

"உலகத்தை அப்புறம் தூக்கி நிறுத்தலாம்மா. மொதல்ல இந்த மனுஷனை ஒரு வாய் காபி கேக்க வை" என்றேன்.

அவர் காபி கேட்கவில்லை. விரல் தண்ணீருக்குப் போனது, பிறகு சிவப்புக்கு. தண்ணீர், சிவப்பு. நாள் முழுக்க இதே பாட்டு. புரையேறாமல் இருக்க, தண்ணீரில் மாவு கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்கச் சொல்லியிருந்தாள். அந்தக் கொழகொழப்பு பிடிக்கவில்லை என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். "யாருக்குத்தான் பிடிக்கும்? மூக்கைப் பிடிச்சுக்கிட்டு முழுங்குங்க" என்று ஊட்டினேன். கண்ணில் நீர் வழிய விழுங்கினார்.

ஏழு மாதக் கர்ப்பிணியான எங்கள் மகள் எங்களோடுதான் இருந்தாள். ஒரு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தான் குடிக்கத் தண்ணீர் டம்ளரை வாயில் வைத்தாள். வாதம் தாக்காத இடது கையால் அதை ஓங்கித் தட்டிவிட்டார். டம்ளர் சுவரில் மோதி உருண்டது.

"வயித்துப் பிள்ளைக்காரி மேல கை ஓங்கறீங்களே, உங்களுக்கே நல்லாயிருக்கா?" என்று கத்தினேன்.

"சரி! சரி! சரி!" என்று அவரும் கத்தினார்.

பயிற்சிப் பெண் அப்போது அங்கேதான் இருந்தாள். பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தப்பு என்னுதும்மா. இதுல இருக்கறதெல்லாம் அவருக்கு வேணுங்கறதும் வேணாங்கறதும்தான். எப்பவும் அப்படித்தான் செய்யறோம். அடுத்தவங்களுக்காக அவர் ஏதாவது சொல்லணும்னா, அதுக்கு ஒரு படம்கூட இல்ல."

ஆல்பத்திலிருந்து போட்டோக்களை எடுத்து ஒட்டினோம். விரல் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனது. மகள், தண்ணீர், சிவப்பு. நான், தண்ணீர், சிவப்பு. அப்புறம் குடிநீர் நிலையத்து வாசலில் அவரும் மேலதிகாரியும் நிற்கும் படம்.

"குழாய்த் தண்ணி குடிக்கக் கூடாதுங்கறீங்களா?" என்று அவள் கேட்டாள். பச்சை.

"உடம்புக்கு வர்றதுக்கு முன்னாடியே தெரியுமா?" பச்சை.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?" விரல் அதிகாரியின் முகத்தில் போய் நின்றது.

"அவர் கையெழுத்துப் போடச் சொன்னாரா?" பச்சை.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரி" என்று சொல்லிவிட்டு அழுதார். விழுந்த பிறகு அவர் பொருத்தமாகச் சொன்ன ஒரே சரி அதுதான். எனக்கு அவரை அணைக்கவும் தோன்றியது, அறையவும் தோன்றியது.

"அப்பாவுக்கு மூளை குழம்பிடுச்சும்மா. ஊரே குடிக்குது, யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள் மகள். அவளுக்கு அப்படி நம்ப வேண்டியிருந்தது. பயிற்சிப் பெண் குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு, சோதனைக்குக் கொடுப்பதாகச் சொல்லிப் போனாள்.

அவள் திரும்ப வரவில்லை. வந்தது மேலதிகாரி, கை நிறையப் பழங்களோடு.

"அந்தப் பொண்ணு இனி வராதும்மா. வேற பக்கம் மாத்திட்டாங்களாம். இந்தப் பலகையெல்லாம் எதுக்கு? பாவம், நிம்மதியா இருக்கட்டும்." அதை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் குனிந்தார். "நம்ம விஷயமெல்லாம் நம்மோடதான், இல்லையா?"

"சரி" என்றது அந்த வாய். அதிகாரி திருப்தியாகத் தலையாட்டினார்.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. சமையலறைக்குப் போய் குழாயில் ஒரு டம்ளர் பிடித்துக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். "வெயில்ல வந்திருக்கீங்க. குடிங்க சார். நீங்க அனுப்பற தண்ணிதான்."

டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இப்பதாம்மா குடிச்சேன்" என்று எழுந்தார்.

"ஒரே ஒரு வாய் குடிங்க சார்." கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற மகள் அவரிடம் கெஞ்சினாள். அவர் குனிந்து செருப்பை மாட்டினார். நிமிராமலே போய்விட்டார்.

தண்ணீர் வைத்தபடியே இருந்தது. மகள் இரண்டு கைகளையும் வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

"இத்தனை மாசமா குடிச்சேனேம்மா. குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

நாக்கு நன்றாக இருந்தும் எனக்கு ஒரு சொல் எழும்பவில்லை. அவளுக்குப் பதில் சொன்னவர் என் வீட்டுக்காரர்தான்.

"சரி" என்றார். "சரி. சரி."