நாலு மீட்டர் தள்ளி

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கு மைதானத்தில் நடுவர் கிருபாகரன் இடுப்பு உயரத்தில் கையிலிருந்து விட்ட பந்து தரைக்கு வந்து சேர ஆறு வருஷத்துக்கு மேல் பிடித்தது. விட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். அந்த வாரம்தான் கோதுமை மாவுக்கு விலை கூடியிருந்ததால், லய வீடுகளில் பாதிப் பேர் பந்தைவிட ரொட்டியைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டார்கள்.

மைதானம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். பழைய தேயிலையைப் பிடுங்கி எறிந்த ஒரு சரிவு அது. மேல் கோல் பக்கம் ஒரு பந்தைச் சும்மா வைத்தாலே போதும், தானாக உருண்டு வந்து கீழ்க் கோலுக்குள் விழுந்துவிடும். கோடுகளைத் தேயிலைக்குப் போடும் டொலமைட் மாவால் கிருபாகரன் போடுவார். கணக்கப்பிள்ளை அதைக் கண்டும் காணாத மாதிரி இருந்துகொண்டார். கிருபாகரனுக்குத் தேயிலை அரைக்கும் ஸ்டோரில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. பந்து உதைக்கத் தெரியாது, விதி தெரியும். பதுளை டவுனில் ஸனூஸ் நானா என்ற மூத்த நடுவர் நடத்திய வகுப்புக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து, தோட்டத்துப் பிள்ளைகளைக் கரையில் வரிசையாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். பந்து முழுசாகக் கோட்டைத் தாண்டினால்தான் வெளியே, ஒரு மயிரிழை கோட்டின் மேல் இருந்தாலும் உள்ளேதான். கையால் எறியும் பந்தை நேராக வாங்கினால் ஓப்சைட் கிடையாது. எறிந்த பந்து யார் மேலும் படாமல் எறிந்தவனின் சொந்தக் கோலுக்குள்ளேயே போனால் கோல் இல்லை, எதிர்க் கட்சிக்குக் கோர்னர். எந்த மடையன் சொந்தக் கோலுக்குள் எறிவான் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சரிவில் அந்த மாசமே அது நடந்தது.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி அவருடைய மகள் ஜெசீகா. ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் கலந்த கட்சி அது, பிரித்தால் பதினொன்று தேறாது. மைதானத்தில் மகள் என்று சலுகை காட்டினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று கிருபாகரன் அவளை எட்டாம் நம்பர் என்றே கூப்பிட்டார். அவளும் எல்லாரையும் போல அவரைச் சேர் என்றாள். அவளுடைய அம்மா காய்ச்சலில் போன பிறகு வீட்டில் இரண்டே பேர். மைதானத்துப் பழக்கம் மெல்ல மெல்ல லயத்துக்குள்ளும் வந்துவிட்டது. சோறு போடவா சேர் என்று மகள் கேட்க, சரி என்று அப்பா சொல்வார். நடுவர் ஒரு பக்கமும் சாயக் கூடாது, யாரையும் தொடக் கூடாது என்று இருந்து இருந்து, வீட்டிலும் அவர் அப்படியே ஆகிப்போனார். வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி இரண்டு பேரும் சாப்பிட்டு எழும்புவார்கள்.

கீழ்க்கணக்குடன் நடந்த அந்த ஆட்டம் ஜெசீகாவுக்குக் கடைசி. மறுநாள் முதல் பஸ்ஸில் பதுளைக்கு இறங்கி, அங்கிருந்து கொழும்புக்குப் போய், வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர வேண்டும். இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது அவள் முன்னால் தட்டிய பந்து நேரே போயிருந்தால் கட்டாயம் கோல். அது நடுவில் நின்ற கிருபாகரனின் குதிகாலில் பட்டுத் திரும்பி எதிர்க் கட்சிக்காரனின் காலடியில் விழுந்தது. முன்பென்றால் நடுவர் ஒரு கல் மாதிரி, பட்டாலும் ஆட்டம் ஓடும். அந்த வருஷம்தான் விதி மாறியிருந்தது. கடைசியாகத் தொட்ட கட்சியில் ஒரே ஒரு ஆளுக்கு நடுவர் பந்தைக் கையிலிருந்து கீழே விட வேண்டும். மற்ற எல்லாரும் நாலு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பந்து தரையைத் தொட்ட பிறகுதான் ஆட்டம், அதற்கு முன் யார் தொட்டாலும் செல்லாது. கிருபாகரன் விசிலை ஊதி எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னார்.

“எப்பவும் நடுவுலயே நிக்கிறீங்க சேர்,” என்றாள் ஜெசீகா.

அவர் பந்தை விட்டார். பந்து இறங்கவில்லை. கையை எடுத்த இடத்திலேயே நின்றது. பிள்ளைகள் குனிந்து அதன் கீழே பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. பனி இறங்கி லயங்களில் லைட் எரியும் வரை ஜெசீகா அதன் முன்னால் காலைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு வீட்டுக்குப் போய்ப் பேக்கைக் கட்டினாள். காலையில் பஸ் ஏறும்போது, பந்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

கொஞ்ச நாளில் பந்து இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது என்று தெரிந்தது. நகம் வளர்வதுபோல, பார்க்கும்போது தெரியாது. தோட்டம் முழுக்க நாலு மீட்டர் விதிக்குப் பழகிக்கொண்டது. கொழுந்து மூட்டையோடு மைதானத்தைக் குறுக்கே கடக்கும் பெண்கள் சுற்றிப் போனார்கள். மாடுகளும் சுற்றிப் போயின. மாரியம்மன் தேர் வந்தபோது கோயில் தலைவர் மாடசாமி, அம்மன் எந்தக் கட்சியிலும் ஆடவில்லையே, அவளுக்கு என்ன விதி என்று நியாயம் கேட்டார். ஆடாதவர்கள் நடுவரிடம் கேட்காமல் உள்ளேயே வர முடியாது, அது இன்னும் கடுமையான விதி என்றார் கிருபாகரன். தேர் கோட்டோரமாகப் போனது. தோட்டத்தை நடத்த வந்த புதுத் தொரை ஒருவர் அந்தச் சரிவில் மரக்கறி போட வேண்டும் என்று வந்தார். பந்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், பிறகு வேறு சரிவைப் பார்க்கப் போய்விட்டார். நாடு பூட்டிக் கிடந்த காலத்திலும் பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலத்திலும் பந்து அங்கேயே இருந்தது. மண் சரிந்து ரோடு துண்டான பெருமழையில் கீழ்க் கோல் கம்பம் சாய்ந்தது. பந்து நனைந்தது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிருபாகரன் மகளுக்கு ஃபோன் எடுப்பார். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். கடையில் சனமா, சனம்தான். அதோடு பேச்சு தீர்ந்துவிடும். பிறகு அவள் பந்து எங்கே நிற்கிறது என்று கேட்பாள். தொடைக்கு வந்திருக்கிறது என்பார். இன்னொரு வருஷம், முட்டிக்கு வந்திருக்கிறது என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் தளரும், அவளும் கொஞ்ச நேரம் ஃபோனை வைக்காமல் இருப்பாள். அந்தப் பந்தை விட்டால் அவர்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்றுமே இருக்கவில்லை.

இதற்கிடையில் அன்றைக்கு ஆடியவர்கள் கழுதை தேய்ந்து கட்டெறும்பான மாதிரிக் குறைந்துகொண்டே போனார்கள். சிலர் கொழும்புக் கடைகளுக்கு, சிலர் கார்மெண்டுக்கு, ஒருவன் சைப்ரஸுக்கு, ஒருத்தி கலியாணம் கட்டித் தெமோதரைக்கு. கிருபாகரன் புதுப் பிள்ளைகளுக்குப் பந்துக்கு அந்தப் பக்கம் வைத்து விதி சொல்லிக்கொடுத்தார். அவர்களும் வளர்ந்து பஸ் ஏறினார்கள். ஒரு நாள் பதுளையிலிருந்து ஸனூஸ் நானா பார்க்க வந்தார். பந்து அப்போது கணுக்காலுக்கு வந்திருந்தது. அவர் நாலு மீட்டர் தள்ளி நின்று நன்றாகப் பார்த்தார்.

“தம்பி, ஒரு கட்சியில ஏழு பேருக்குக் குறைஞ்சா ஆட்டம் இல்ல. ஒங்களுக்குத் தெரியாத விதியா?”

“ஆட்டம் முடியலைங்க நானா. நிப்பாட்டி வச்சிருக்கு, அவ்வளவுதான்.”

அது ஞாயிற்றுக்கிழமை. மைதானத்துக் கரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போதே ஃபோன் பேசும் நேரம் வந்தது. பந்து எங்கே என்று மகள் கேட்க, இன்னும் முட்டியில்தான் என்றார் கிருபாகரன். ஸனூஸ் நானா பந்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கோப்பையை வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார். கிருபாகரன் வாழ்க்கையில் சொன்ன பொய் அது ஒன்றுதான், ஆனால் அதைப் பல மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பந்து விழுந்தால் அவள் வந்து உதைத்துவிட்டுப் போய்விடுவாள், அதோடு ஞாயிற்றுக்கிழமைகளும் தீர்ந்துபோகும் என்று அவருக்குப் பயம். அவள் வராமல் பந்து விழுந்துவிட்டாலோ அது வெறும் பந்து, யாரும் உதைக்கலாம், அவளுக்கென்று அந்தத் தோட்டத்தில் வைத்திருந்தது ஒன்றும் மிஞ்சாது. அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த ஞாயிறு, வழக்கமான கேள்விகளை விட்டுவிட்டு, அம்மா இருந்த காலத்தில் கூப்பிட்ட மாதிரிக் கூப்பிட்டார்.

“பாப்பா, நான் பொய் சொல்லிட்டேன். பந்து புல்லுக்கு வந்துருச்சு. வீடு வெறிச்சின்னு கெடக்கு. வந்துட்டுப் போ.”

லீவு கேட்பதாக அவள் சொன்னாள்.

அவள் வந்து சேர்ந்தபோது பந்து புல்நுனியில் இருந்தது. பேக்கைக் கரையில் வைத்துவிட்டு, அன்றைக்கு நின்ற இடத்திலேயே போய் நின்றாள். கிருபாகரன் யாரும் சொல்லாமலே நாலு மீட்டர் தள்ளிக்கொண்டார். வெயில் சாயும் நேரத்தில் பந்து தரையைத் தொட்டது. ஒரு சின்னச் சத்தம், பழைய பந்து விழும் சத்தம்தான். சரிவில் உருளத் தொடங்கியதை அவள் காலால் நிறுத்தி, மேல் கோலைப் பார்த்தாள். பிறகு அப்படியே நின்றாள். நடுவர் விட்ட பந்தை ஒரே ஆள் நேராக அடித்தால் கோல் இல்லை, குறைந்தது இரண்டு ஆட்களாவது தொட்டிருக்க வேண்டும். அவர் சொல்லிக்கொடுத்த விதிதான். கரையில் சில சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் அந்த ஆட்டத்தில் அவர்களுக்குப் பெயர் இல்லை. பெயர் உள்ளவர்கள் யாரும் ஊரில் இல்லை.

கிருபாகரனுக்கும் அந்த விதி நினைவில் இருந்தது. நடுவர் ஆள் கணக்கில் வரமாட்டார் என்பதும் நினைவில் இருந்தது. பிறகு கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிக் கோட்டோரத் தேயிலைச் செடியில் மாட்டிவிட்டு, அந்த நாலு மீட்டரையும் நடந்து கடந்து வந்தார்.

“இந்தாங்கப்பா,” என்று அவள் பந்தைத் தட்டினாள்.

அவர் வாழ்க்கையில் பந்து உதைத்தது அதுதான் முதல் தரம். ஒரு காலில் செருப்பு கழன்று போனது. பந்து கோணலாகத்தான் போனது, ஆனால் அவளிடம் போனது. அவள் மேட்டைப் பார்த்து ஓங்கி அடித்தாள். முழுப் பந்தும் கோட்டைத் தாண்டியது. கரையிலிருந்த பிள்ளைகள் கத்தினார்கள். விசில் ஊத யாரும் இல்லை. கிருபாகரன் செருப்பைத் தேடப் போகாமல் நின்ற இடத்திலேயே அழுதார். மகள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கோல் விழுந்தால் மற்றக் கட்சி நடுவிலிருந்து தொடங்க வேண்டும். ஜெசீகா பந்தை எடுத்து வந்து மைதானத்தின் நடுவில் வைத்தாள். ஒரு எலுமிச்சங்காய்கூட நில்லாத அந்தச் சரிவில் பந்து உருளாமல் நின்றது. மறுநாள் அவள் கொழும்புக்குப் போய்விட்டாள். தோட்டத்துக்குத் திரும்பி வந்துவிடுவாள் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் இப்போதும் வருகிறது. பந்து எங்கே அப்பா என்று அவள் முதலிலேயே கேட்டுவிடுகிறாள், அங்கேயேதான் என்று அவர் சொல்லிவிடுகிறார், அதன் பிறகும் பேச்சு ஓடுகிறது. கீழ்க்கணக்குப் பிள்ளைகளுக்குக் கொழும்புக்கும் சைப்ரஸுக்கும் தகவல் சொல்லியாகிவிட்டது. இந்த வருஷமும் தேர் கோட்டோரமாகத்தான் போனது. பந்து நடுவில் இருக்கிறது, அவர்கள்தான் வந்து தொடங்க வேண்டும்.