மூன்றாவது குழாய்

ஒரு வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டே முக்காலுக்கு, பள்ளிவாசலின் மூன்றாவது குழாயில் வந்த தண்ணீர், சொட்டு என்று ஊர் கூப்பிடும் ஒருவரின் கைகளை நனைக்க மறுத்தது. உள்ளங்கைக்கு ஒரு விரற்கடை மேலே வரும்போது இரண்டாகப் பிரிந்து, கையின் இரு பக்கமும் விழுந்து, சாக்கடைக்குப் போனது. அந்த வாரம் தக்காளி விலை இரண்டு மடங்காகியிருந்ததால் பக்கத்துக் குழாய்க்காரர்கள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் இதைக் கவனிக்கவில்லை. சொட்டு காய்ந்த கையால் காய்ந்த முகத்தைத் தடவிவிட்டு, காய்ந்த காலோடு உள்ளே போய்க் கடைசி வரிசையில் நின்று தொழுதார்.

அவருக்குச் சொட்டு என்று பெயர் வந்த காரணம் ஊருக்கே தெரியும். ஓடுகிற ஆற்றின் கரையில் உட்கார்ந்து ஒளு செய்தாலும், அதாவது தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவினாலும், தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற மார்க்கக் கட்டளையைக் குழாய்களுக்கு மேலே எழுதி ஒட்டியவரே அவர்தான். யாராவது குழாயைச் சரியாக அடைக்காமல் எழுந்தால், "உங்க அப்பன் வீட்டுத் தண்ணியா இது?" என்பார். "வந்துட்டாருப்பா சொட்டு" என்று அவர்களும் திரும்பிவந்து அடைப்பார்கள். வேலை, சாயப்பட்டறையில். கழிவுத் தொட்டி நிறைந்ததும் அதன் வால்வைத் திறந்து வாய்க்காலில் விடுவது. யார் கண்ணிலும் படாத நேரமாகப் பார்த்துத் திற என்று மட்டும்தான் முதலாளி சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரம் தோதாக இருக்கும், ஊர் மொத்தமும் உள்ளே குனிந்திருக்கும் என்று யோசனை சொன்னது சொட்டுதான். பன்னிரண்டரைக்குத் திறப்பார். ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு வந்து ஒளு செய்வார். தொழுகை முடிந்து ஊர் வெளியே வரும்போது ஊதாவும் சிவப்பும் பாலத்தைத் தாண்டிப் போயிருக்கும். பதினொரு வருடம் இப்படித்தான் போனது.

வீட்டில் வாளித் தண்ணீரும் அப்படியே விலகியது. மழையில் நின்று பார்த்தார், சட்டைகூட நனையவில்லை. குடிப்பதற்குத் தடையில்லை. உதட்டைத் தொடாமல் தொண்டைக்குள் இறங்கியது. "உங்களுக்குத் துவைக்கிற வேலை மிச்சம்" என்றாள் மனைவி, அவளுக்கு அதில் சிரிப்பு வரவில்லை. ஒளு இல்லாத தொழுகை தொழுகையே அல்ல என்று தெரிந்தும் மூன்று வாரம் வரிசையில் நின்று நடித்தார். நான்காவது வாரம் இமாமிடம் போனார். இமாம் கெண்டியைச் சாய்த்து ஊற்றிப் பார்த்தார், தன் கையில் ஊற்றியும் பார்த்துக்கொண்டார். தண்ணீர் கிடைக்காதவனுக்குச் சுத்தமான மண் போதும், அதில் கையைத் தட்டி முகத்தையும் கையையும் தடவிக்கொண்டால் ஒளுவுக்கு ஈடு, அதற்குத் தயம்மும் என்று பெயர் என்று சொல்லி, பள்ளிவாசலுக்குப் பின்னால் அழைத்துப்போய் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து முகர்ந்தார். கீழே போட்டார். வாய்க்கால் வரை நான்கு இடங்களில் தோண்டி முகர்ந்தார்.

"இது மண்ணில்லப்பா. மருந்து நெடி அடிக்குது. பூமி முழுக்கத் தொழுற இடம்னு படைச்சவன் நமக்குக் குடுத்திருக்கான். அமானிதம், நம்மள நம்பி ஒப்படைச்சது. இங்க ஒரு கைப்பிடி தேறல. யாருப்பா இப்படிப் பண்ணினது?"

"தெரியல ஹஜ்ரத்" என்றார் சொட்டு.

அதன்பின் ஏழு மைல் தள்ளியிருந்த குன்றிலிருந்து பிஸ்கட் டப்பாவில் மண் கொண்டுவந்து தட்டிக்கொண்டார். வால்வைத் திறப்பதை நிறுத்தினாரா என்றால், இல்லை. அடுத்த வெள்ளியும் திறந்தார். அதற்கடுத்த வெள்ளியும்.

எட்டாவது வெள்ளி காலையில் அவருடைய அத்தா இறந்தார். ஜும்ஆ முடிந்ததும் அடக்கம் என்று முடிவானது. உடலைக் குளிப்பாட்ட மூத்த மகன் முன்னால் வர வேண்டும். கதவைச் சாத்தினார்கள். உள்ளே இமாம், தம்பி, சொட்டு. சட்டைப்பையில் போன் மூன்று முறை நடுங்கி நின்றது. முதலாளி கூப்பிடுகிறார், தொட்டி நிறைந்துவிட்டது என்று அர்த்தம். சொட்டு குவளையைச் சாய்த்தார். தண்ணீர் அத்தாவின் நெஞ்சுக்கு ஒரு விரற்கடை மேலே இரண்டாகப் பிரிந்து பலகையின் இரு பக்கமும் வழிந்தது. மறுபடி ஊற்றினார். மறுபடியும் அப்படியே. அத்தா காய்ந்தபடி கிடந்தார்.

"அண்ணே, குடுங்க, நான் ஊத்தறேன்" என்றான் தம்பி.

கொடுத்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவர் குவளையை விடவில்லை. "அந்த வாய்க்கால்ல விடறது நான்தான் ஹஜ்ரத். ஜும்ஆ நேரத்துல விடலாம்னு சொன்னதும் நான்தான்" என்றார். இமாம் பலகையில் வழிந்த தண்ணீரையே பார்த்தார். தம்பிதான் பேசினான். "அத்தாவுக்குத் தெரியும்ணே. ஆறு வருசமா நம்ம தெருத் தண்ணியத் தொடாம மேலத் தெருவுலேர்ந்து குடம் தூக்கினாரே, எதுக்குன்னு நினைச்சீங்க? உங்ககிட்ட கேக்கச் சொன்னேன். எனக்கு வெட்கமா இருக்குடான்னார்."

சொட்டு ஒப்புக்கொண்டதும் தண்ணீர் அத்தாவின் மேல் இறங்கிவிட்டது என்று சிலர் பிற்பாடு கதை கட்டினார்கள். இறங்கவில்லை. தம்பிதான் குளிப்பாட்டினான். சொட்டு கதவுக்கு வெளியே துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று வால்வு திறக்கப்படவில்லை.

அவரே போய்ச் சொன்னதை மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் எழுதிக்கொண்டார்கள். பட்டறை இரண்டு வருடம் வழக்காடிப் பூட்டப்பட்டது. வேலை போன முந்நூறு பேரில் பாதிப் பேர் அவர் சலாமுக்குப் பதில் சொல்வதில்லை. அவர் வாய்க்கால் கரையில் கெட்ட மண்ணை வெட்டி அள்ளினார், குன்று மண்ணைச் சாக்கில் கொண்டுவந்து கொட்டினார், கன்று வைத்தார். கையில் கன்று இருக்கும்போது உலகம் முடிகிற நேரம் வந்தாலும் நட்டுவிட்டுப் போ என்று இமாம் ஒரு ஜும்ஆவில் சொன்னார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. முதல் நூறு கன்றுகளில் நாலு பிழைத்தன. மழை பெய்தால் வெளியூர் போகிறவர்கள் சான்றிதழ்களையும் பத்திரங்களையும் அவரிடம் கொடுத்து பஸ் வரை நடத்திக் கூட்டிப்போனார்கள். "குடையை விட நீங்க பரவாயில்ல பாய்" என்பார்கள். அவர் தலையைக் குனிந்தபடியே நடப்பார்.

ஒன்பதாம் வருடம் இமாம் கரையில் குனிந்து ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்தார். வெகுநேரம் முகர்ந்தார். "ம். மண்ணுதான்" என்றார். சொட்டு அங்கேயே உட்கார்ந்து கையைத் தட்டி முகத்தில் தடவிக்கொண்டார்.

இப்போது மூன்றாவது குழாய்க்குப் பக்கத்தில் ஒரு தட்டில் கரைமண் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் கேட்டால், அவரைத் தண்ணீர் நனைக்காது, அதற்காக என்று சொல்லிவிட்டுக் காலைக் கழுவுகிறார்கள். யாராவது குழாயைச் சரியாக அடைக்காமல் போனால் அவர் எழுந்துபோய் அடைக்கிறார். யாரையும் திட்டுவதில்லை.