கீழ்த்தட்டை இறுக்கியவர்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல் டாக்டரின் முன்னறையிலிருந்து வந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் ஒரு பெண் யாரிடமோ, "நீ நல்லது செஞ்சதுலதான் எல்லாம் நாசமாப் போச்சு" என்றாள். திரும்பிப் பார்ப்பதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே வந்தபோது நாற்காலிகள் காலி.

பல் போய்விட்டது. அந்த வாக்கியம் போகவில்லை.

நான் கடவுளை நம்புகிறவன். சின்னச் சின்ன நல்ல காரியங்கள்தான் இந்த உலகத்தைத் தாங்கி நிற்கின்றன என்று இத்தனை காலமாக எழுதியும் வருகிறவன். அந்தப் பெண் சொன்னது சரியென்றால் என் புத்தகங்களை எல்லாம் வீட்டுக்கு வீடு போய்த் திரும்ப வாங்க வேண்டும். (அதிக வீடுகள் ஏறி இறங்க வேண்டியிருக்காது என்பது வேறு விஷயம்.) ஆகவே அவள் சொன்னது தப்பு என்று நிரூபிக்க ஒரு கதை எழுத உட்கார்ந்தேன். நிரூபிப்பது என்று வந்துவிட்டால் விஞ்ஞானிகள் வேண்டும். எனக்கு விஞ்ஞானம் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஒரு காந்தத்தைத் தொலைத்ததோடு எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது.

2

முதல் தொடக்கம்: "மனித குலத்தின் நீண்ட வரலாற்றில் காயம் என்பது" — வேண்டாம். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "ஆய்வகத்தின் வெள்ளைச் சுவரில் காலை வெயில் மெல்ல" — அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது. செல் வளர்க்கும் அறையில் சூடும் ஈரமும் மாறக் கூடாதாம். வெயிலை அடித்துவிட்டேன்.

மூன்றாவது: நான்கு பேர் இருந்தார்கள்.

இதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

நான்கு பேர் இருந்தார்கள். ஒருவர் பொறியாளர். இன்னொருவர் அவருடைய தங்கை, உயிர்வேதியியல் படித்தவள். மூன்றாமவர் இயற்பியல்காரர். நான்காமவர் டாக்டர். காலில் ஆறாத புண்ணோடு படுக்கையில் கிடப்பவர்களுக்காக இவர்கள் சேர்ந்து ஒரு கட்டுப் பட்டை செய்துகொண்டிருந்தார்கள். புண்ணின்மேல் சுற்றினால் அது மெதுவாக அதிரும். தூங்கும் பூனையின் வயிற்றில் கை வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. அந்த அதிர்வில் தோல் சீக்கிரம் வளரும் என்பது தங்கையின் நம்பிக்கை. எவ்வளவு அதிர வேண்டும் என்று கணக்குப் போட்டவர் இயற்பியல்காரர். அதிர வைத்தவர் அண்ணன். "எப்போ கிடைக்கும், எப்போ கிடைக்கும்" என்று கேட்டுக்கொண்டே இருந்தவர் டாக்டர்.

நோயாளியின் காலில் சுற்றுவதற்கு முன்னால் கண்ணாடிக் கிண்ணங்களில் சோதிக்க வேண்டும். கிண்ணத்தில் தோல் செல்களைப் படர விட்டு, நடுவில் ஒரு கீறல் போடுவாள் தங்கை. அந்தக் கீறல் எவ்வளவு வேகமாக மூடுகிறது என்று பார்ப்பாள். ஒரே இரும்புத் தாங்கியில் இரண்டு தட்டுகள். மேல்தட்டில் இருக்கும் கிண்ணங்களுக்கு அதிர்வு உண்டு. கீழ்த்தட்டுக் கிண்ணங்களுக்கு ஒன்றும் கிடையாது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவை சும்மா இருக்கும்.

* இந்தப் பத்தியை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "சும்மா இருக்கறதுக்கும் ஒரு கூட்டம் வேணுமா?" என்றாள். விஞ்ஞானத்தில் வேண்டும் என்றேன். வீட்டில் ஏற்கெனவே ஒருவர் இருப்பதாகச் சொன்னாள்.

3

ஒரு கதைக்குக் கெட்டவன் வேண்டும் என்பார்கள். இயற்பியல்காரரை அந்த வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டார், காலை வணக்கம் சொன்னால் மத்தியானம் பதில் சொல்வார், தனக்குத் தெரிந்ததெல்லாம் ஊருக்கே தெரியும் என்று நினைப்பார். மூக்குக்குக் கீழே ஒரு மெல்லிய மீசைகூட வைத்துப் பார்த்தேன். ஆனால் அவர் ஒவ்வொரு முறையும் கடைசியாக வெளியே வரும்போது மற்றவர்களின் காலணிகளை ஜோடி சேர்த்து வைத்துவிட்டு வந்தார். நான் சொல்லவில்லை, அவராகவே செய்தார். மீசையை எடுத்துவிட்டேன்.

டாக்டர் இன்னும் அதிகச் சந்தேகத்துக்கு உரியவர். நல்லவர் என்பதைத் தவிர அவரிடம் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு கட்டத்தில் அவரைக் கதையிலிருந்து தூக்கிவிட நினைத்தேன். அப்புறம் அவருடைய வார்டில் படுத்திருப்பவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்கள் என் கதையில் வருவதே இல்லை. வராதவர்களுக்காகப் பேச ஒருவராவது இருக்கட்டும்.

அண்ணனைப் பற்றி எனக்குச் சந்தேகமே வரவில்லை. தப்பு அங்கேதான் நடந்தது.

4

அந்தக் கீழ்த்தட்டு ஆடும். யாராவது கதவைத் திறந்தால் ஆடும், நடந்தால் ஆடும். ஆடும்போதெல்லாம் கிண்ணங்கள் ஒன்றையொன்று இடித்துக் கிணுகிணுவென்று சத்தம் போடும். நாள் முழுக்க அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த தங்கைக்குத் தலைவலி வந்தது. மத்தியானம் சாப்பிடும்போது, அந்தச் சத்தம் மண்டைக்குள் ஆணி அடிக்கிறது என்று பொதுவாகப் புலம்பினாள். யாராவது ஏதாவது செய்வார்கள் என்று எதிர்பார்த்துப் புலம்பவில்லை.

அண்ணன் சாப்பிட்டு முடித்தார். அவர் சட்டைப்பையில் மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் ஸ்பேனர் இருக்கும். ஆடுகிற எதையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தங்கை கை கழுவப் போன நேரத்தில் உள்ளே போனார். கீழ்த்தட்டு தாங்கியோடு இணைக்கப்படாமல், நான்கு மூலையிலும் நான்கு ஸ்பஞ்சுத் துண்டுகளின்மேல் மிதந்துகொண்டிருந்தது. 'எவன் வேலை இது' என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே ஸ்பஞ்சுகளை உருவினார். தட்டைத் தாங்கியோடு சேர்த்து நான்கு போல்ட் போட்டு நன்றாக இறுக்கினார். தட்டிப் பார்த்தார். பாறை மாதிரி நின்றது. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. நல்லதைச் செய்துவிட்டுச் சொல்லிக் காட்டுவது அவருக்குப் பிடிக்காது.

(இந்த இடத்தில் நான் எழுதி வைத்திருந்த வாக்கியம்: "இப்படிப்பட்ட கைகளால்தான் உலகம்" — நல்லவேளை, முடிக்கவில்லை.)

பெரிய சோதனை அதற்கு மறுநாள் தொடங்கியது. தங்கை வாரக்கணக்கில் கண் பூத்துப்போகப் பார்த்தாள். மேல்தட்டுக் கீறல்கள் அழகாக மூடின. கீழ்த்தட்டுக் கீறல்களும் அதே அழகோடு மூடின. அதிர்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று அர்த்தம். பட்டையால் பிரயோஜனம் இல்லை என்று அர்த்தம். சோதனை முடிந்தது. நிறுவனத்தின் தலைவர் மறுநாள் முடிவைக் கேட்பார். முடிவு இப்படி என்றால் திட்டத்தை மூடுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. தங்கையின் வேலை அந்தத் திட்டத்தோடு வந்தது. அதோடு போய்விடும்.

அன்றைக்குத் தேநீர் நேரத்தில் இயற்பியல்காரர் டாக்டருக்கு ஆறுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: சோதனையில் குறை இருக்க வழியே இல்லை, மேலே உண்டாகும் அதிர்வு தாங்கி வழியாகக் கீழே இறங்கிவிடக் கூடாது என்றுதானே கீழ்த்தட்டை ஸ்பஞ்சில் மிதக்க விட்டேன் என்று.

பக்கத்தில் நின்ற அண்ணன் வாயிலிருந்த தேநீரை விழுங்க மறந்தார். பிறகு விழுங்கிவிட்டு, இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டார்.

இயற்பியல்காரர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டு, "இதெல்லாம் சொல்லணுமா?" என்றார்.

5

அடுத்த காட்சியை எழுத எனக்குத் துணிச்சல் வரவில்லை. பிரார்த்தனை செய்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அப்போதும் வரவில்லை. எழுத்தாளன் என்ற முறையில் அண்ணனுக்குத் தப்பித்துக்கொள்ள ஒரு வழியைத் திறந்து வைத்தேன்: சத்தம் இல்லாமல் ஸ்பஞ்சுகளைத் திரும்ப வைத்துவிடலாம். அவர் அந்த வழியை எட்டிப் பார்த்தார், அது என்னுடைய கோழைத்தனம் என்று கண்டுபிடித்தார், நடைபாதைக்குப் போனார். தங்கை அங்கே சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"அந்தக் கீழ்த்தட்டு ஆடிட்டே இருந்துச்சுல்ல?" என்றார்.

"ஆமாண்ணா."

"இப்போ ஆடலை, பாத்தியா?"

"ஆமா. இந்த ஒரு மாசமா அந்த நிம்மதியாவது இருக்கு."

"அதாம்மா பிரச்சினை."

அவள் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முகத்தில் வெளிச்சம் வந்தது, உடனே அணைந்தது. பட்டை வீணில்லை, கீழே இருந்த கிண்ணங்களும் அதிர்ந்திருக்கின்றன: அது வெளிச்சம். வாரக்கணக்கில் எடுத்த அளவு ஒவ்வொன்றும் குப்பை: அது இருட்டு. இந்த ஆளை வேலைக்கு எடுக்கச் சொல்லித் தலைவரிடம், "எங்கண்ணன் கை பட்டா எதுவும் கெடாது" என்று வாக்குக் கொடுத்தவள் அவள்.

"வீட்ல குழாய் ஒழுகுது, ஒழுகுதுன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்" என்றாள் கடைசியில். "அதை இறுக்கினியாண்ணா நீ?"

6

தலைவரின் அறை. நான்கு பேரும் மேஜைக்கு முன்னால் வரிசையாக நிற்கிறார்கள். தலைவர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, பட்டையால் பிரயோஜனம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

அண்ணன், இல்லை என்றார். தட்டை இறுக்கியவன் நான் என்றார். ஸ்பஞ்சு, போல்ட், தலைவலி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார்.

"செய்யறதுக்கு முன்னாடி யாரையாவது கேட்டீங்களா?"

"இல்லீங்க. ஆடறதை நிறுத்தினா யாரு வேண்டாம்பாங்கன்னு நெனச்சேன்."

அவர் முடிப்பதற்குள் இயற்பியல்காரர் தொண்டையைச் செருமினார். ஸ்பஞ்சு எதற்கு என்று யாருக்கும் சொல்லாதது தன் தப்பு என்றார். அவர் தன் தப்பை ஒப்புக்கொண்டு யாரும் கேட்டதில்லை. உடனே தங்கை, தலைவலி என்று புலம்பியதும், சத்தம் நின்றபோது ஏன் நின்றது என்று பார்க்காததும் தன் தப்பு என்றாள். நீ சும்மா இரு என்றார் அண்ணன். எதுக்கு நான் சும்மா இருக்கணும் என்றாள் அவள். தன் தப்புதான் பெரியது என்று இயற்பியல்காரர் கணக்கோடு விளக்கத் தொடங்கினார்.

டாக்டர் மட்டும் தவித்துக்கொண்டிருந்தார். ஒப்புக்கொள்ள அவரிடம் ஒன்றுமே இல்லை. கடைசியில் ஒன்றைத் தேடிப் பிடித்தார்.

"நான் அந்த ரூமுக்குப் போனதே இல்லைங்க. போயிருந்தா ஒருவேளை கவனிச்சிருப்பேன்."

தலைவர் காகிதத்தைக் கீழே வைத்தார்.

7

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் தலைவர் கண்கலங்கி, இன்னொரு முறை செய்யுங்கள் என்கிறார். மனைவி படித்துவிட்டு, "இது கதையா, மிட்டாயா?" என்றாள். இன்னொன்றில் தலைவர் திட்டத்தை மூடிவிடுகிறார். அதைப் படித்துவிட்டு மனைவி எதுவும் சொல்லவில்லை, சாயங்காலம் வரை. மூன்றாவதில், தாங்கி முழுக்க அதிர்ந்ததால் யாரும் கனவு காணாத ஒரு புதிய கண்டுபிடிப்பு கிடைத்து நால்வரும் மேடை ஏறுகிறார்கள். அதை நானே கிழித்துப் போட்டேன். அதிர்ஷ்டத்துக்கெல்லாம் நான் சம்பளம் கொடுப்பதில்லை.

நான்காவதாக, முதல் முடிவையே கொஞ்சம் சர்க்கரை குறைத்து எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். ஒரு வாக்கியம் போதும். நால்வரும் பிழைத்துவிடுவார்கள், வார்டில் இருப்பவர்களுக்கும் பட்டை வரும். எழுதப் போன என் கையைப் பார்த்தேன். ஆடிக்கொண்டிருக்கும் ஒன்றை, அது ஏன் ஆடுகிறது என்று யாரையும் கேட்காமல், இறுக்கி நிறுத்தப் போய்க்கொண்டிருந்தது அது. பேனாவை மூடி வைத்தேன்.

பல் டாக்டரின் முன்னறையில் பேசிய பெண்ணுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நல்லது செய்ததில் நாசம் வந்தது உண்மை. நாசத்துக்குப் பிறகு நான்கு பேர் ஒருவர் தப்பை ஒருவர் பிடுங்கிக்கொண்டு நின்றதும் உண்மை. அந்தக் காட்சியை நான் திட்டமிடவில்லை. இதில் எது எதை நிரூபிக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கடவுளுக்குத் தெரிந்திருக்கும்; அவரும் சொல்லவில்லை.

ஆகவே தலைவரின் நாற்காலியிலிருந்து தலைவரை எழுப்பிவிட்டேன். வாருங்கள், நீங்கள் உட்காருங்கள். காரணங்கள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. கவனக்குறைவாக நடந்த சோதனை இது. இதே பணத்தைக் கேட்டு வேறு குழுக்களும் வெளியே காத்திருக்கின்றன. அந்தப் பட்டை நிஜமாகவே வேலை செய்யவும் கூடும். நால்வரும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என்ன முடிவு எடுத்தாலும் நான் குறுக்கே வர மாட்டேன்.

ஒன்று மட்டும். மூடுகிறேன் என்று சொல்வதாக இருந்தால், சொல்வதற்கு முன்னால் அவர்களை உட்காரச் சொல்லுங்கள். உள்ளே வந்ததிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறார்கள். அது எனக்கும் இப்போதுதான் தோன்றியது.