ஜான்சன் தலைக்குக் கஞ்சி போட்ட கதை

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன் வாசகரே, இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. என்னை உட்காரவைத்து எழுதச் சொன்னவன் பக்கத்து வீட்டு ஜான்சன். தெருவில் பட்டு நெசவுக்கான பாவு நூலை நீட்டிக் கட்டி, அரிசிக் கஞ்சி போட்டு, இழை இழையாகப் பிரித்துக் காயவைப்பது அவன் தொழில். முப்பத்திரண்டு வயது. வருகிற ஞாயிற்றுக்கிழமை திருமுக்கூடலிலிருந்து பெண் வீட்டார் அவனைப் பார்க்க வருகிறார்கள். பெண் பெயர் பிரியதர்ஷினி. இரண்டு மாதமாக இருவரும் போனில் பேசுகிறார்கள், நன்றாகவே பேசுகிறார்கள். சிக்கல் ஒன்றுதான். அவன் அனுப்பிய போட்டோக்கள் ஐந்து வருடம் பழையவை. அவற்றில் தலை நிறைய முடி இருக்கிறது.

"நீ எழுதறவன்தானே? முடி போனத பக்குவமா எழுதிக் குடுப்பா" என்றான். "அந்தப் பொண்ணு நெறைய கதை படிக்கும். நேர்ல வந்து பாத்து மூஞ்சி சுளிச்சிட்டா என்னால தாங்க முடியாது."

2

முதல் தொடக்கம்: "கோபுரங்களின் மேல் பொன்னிற வெயில் பட்டுச் சேலையாக விரிந்த அந்த இனிய காலையில்—"

[அடித்துவிட்டேன். எங்கள் ஊர் காஞ்சிபுரம். அதைப் பற்றி என்றாலே கை தானாக இப்படிப் போய்விடுகிறது.]

இரண்டாம் தொடக்கம்: "முடி என்பது மனிதனின்—"

[தத்துவம் வேண்டாம். எனக்கு வழுக்கை விழுந்து பதினெட்டு வருடம் ஆகிறது. ஒரு தத்துவமும் பிடிபடவில்லை. சீப்பு வாங்கும் செலவுதான் மிச்சம்.]

மூன்றாவது: "ஜான்சனுக்குப் பொடுகு வந்தது." இது தேவலை. இப்படியே போவோம்.

3

ஜான்சனுக்குப் பொடுகு வந்தது. அவன் அக்கா மேரி வேப்பிலையை அரைத்து, புளித்த தயிரில் குழைத்துப் பூசினாள். பொடுகு போனது. முடியும் துணைக்குக் கிளம்பியது.

அடுத்து சின்ன வெங்காயச் சாறு. அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஜான்சன் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. பிறகு ஊறவைத்த வெந்தயம், கறிவேப்பிலை எண்ணெய், செம்பருத்தி.*

* எங்கள் தெருவில் இருந்த மூன்று செம்பருத்திச் செடிகளும் மொட்டையாகிவிட்டன. அவற்றுக்கு என்ன வைத்தியம் என்று மேரி அக்காவிடம் இன்னும் கேட்கவில்லை.

4

கடைசியாக, அரிசி ஊறவைத்த தண்ணீர். "தலைல தடவிக்கினு இருபது நிமிஷத்துல அலசிடணும்" என்று சொல்லிவிட்டு மேரி அக்கா கடைக்குப் போனாள்.

இந்த இடத்தில் எனக்கே ஒரு சந்தேகம். இவ்வளவு வெகுளியாக ஒருவன் இருப்பானா, வாசகர் நம்புவாரா? ஆனால் பாவுக்குக் கஞ்சி போடுகிறவனைத் தவிர வேறு யாருக்கும் இப்படித் தப்புச் செய்ய வராது. பட்டு நூலுக்கே பலம் தருகிற கஞ்சி முடிக்குத் தராதா என்று நினைத்தான். பாவுக்கு வைத்திருந்த கெட்டிக் கஞ்சியை எடுத்துத் தலையில் பூசினான். விரலால் இழை இழையாகப் பிரித்துவிட்டான். அலசவில்லை. பாவு நூலைக் காயவைப்பதுபோல வைகாசி வெயிலில் ஆடாமல் அசையாமல் நின்றான்.

பாதி காய்ந்திருக்கும்போது போன் அடித்தது. பிரியதர்ஷினி, வீடியோ கால். கைக்குக் கிடைத்த மங்கி குல்லாவை மாட்டிக்கொண்டு எடுத்தான்.

"என்னங்க, இந்த வெயில்ல குல்லா? உடம்பு சரியில்லையா?"

"லேசா ஜலதோஷம்ங்க."

"எல்லா போட்டோலயும் ஒரே நீல சட்டை. இப்ப குல்லா. வேற எதுவுமே இல்லையா உங்ககிட்ட?" என்று அந்தப் பெண் சிரித்தாள். இவனும் சிரித்தான். நானும் இடுப்பளவுச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று சிரித்தேன்.

பேசி முடித்தபோது குல்லா வரவில்லை. கஞ்சி காய்ந்து தலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மேரி அக்கா வந்து, வெந்நீர் ஊற்றி ஊற்றி, திட்டித் திட்டி, ஒரு மணி நேரத்தில் கழற்றினாள். குல்லாவுக்குள் கொத்தாக முடி. ஜான்சன் அதிலிருந்து இரண்டை எடுத்தான். அறுந்த இழையைக் கண்டால் முடிச்சுப் போட்டே பழகிய விரல்கள், அந்த இரண்டு முடியையும் முடிச்சுப் போடப் பார்த்தன.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் அவன் முகத்தைப் பார்த்தேன். எனக்குக் கஷ்டமாகிவிட்டது.

"முடி போனாகூட பரவால்லபா" என்றான். "அந்தப் பொண்ணுகிட்ட பொய் சொல்லிக்கினே இருக்கேன் பாரு, அதுதான் ஒரு மாதிரி இருக்குது."

5

முடிவுகள்:

அ) கறிவேப்பிலை எண்ணெய் பலிக்கிறது. மூன்றே நாளில் கருகருவென்று முடி. ஜான்சன் இதைப் படித்துவிட்டு எழுந்து நின்று கைதட்டினான். "இதையே போட்டுடுபா!" முடியாது என்றேன். ஞாயிற்றுக்கிழமை எப்படியும் வரத்தானே போகிறது?

ஆ) விக் வைக்கிறான். பந்தியில் குனியும்போது அது பாயசத்தில் விழுகிறது. இதைப் படித்துவிட்டு அரை நாள் என்னோடு அவன் பேசவில்லை.

இ) பிரியதர்ஷினி கண் கலங்க, "எனக்கு உங்க மனசுதான் முக்கி—"

[இதை நானே கிழித்துப் போட்டேன். அந்தப் பெண் பேசி நான் கேட்டது அஞ்சே அஞ்சு வாக்கியம். அவள் வாயில் என் வசனத்தைத் திணிக்க நான் யார்?]

6

ஆகவே, பிரியதர்ஷினி, இதுவரை வாசகர் என்று நான் கூப்பிட்டது உங்களைத்தான். மற்றவர்கள் படித்தால் படித்துவிட்டுப் போகட்டும், இது உங்களுக்கு எழுதியது. குல்லாவின் காரணம் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஜலதோஷம் அவனுக்கு இல்லவே இல்லை.

இத்துடன் ஒரு போட்டோ வருகிறது. இன்று காலை நான் எடுத்தது. வெள்ளைச் சட்டை, பின்னால் அரக்கு நிறப் பாவு, தலையில் ஒன்றும் இல்லை. முடியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். "கொஞ்சம் சிரிப்பா" என்றேன். "வேணாம்பா, பொய்யா தெரியும்" என்றான். பொய்யைப் பற்றி அவனே பேசுகிறானே என்று மேரி அக்கா உள்ளேயிருந்து ஏதோ சொல்ல, நிஜமாகவே சிரித்துவிட்டான். அந்த நேரத்தில் எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். அடுத்த பகுதிக்கு எண் மட்டும் போட்டிருக்கிறேன். எழுத வேண்டியவர் நீங்கள். ஒரு வரி போதும். ஆனால் கொஞ்சம் சீக்கிரம், அவன் போனைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறான்.

7